ஒரு சிமென்ட் ஆலையை வைத்துப் பசுமை நிதியைப் புரிந்துகொள்வோம்

பசுமைப் பத்திரம், ஈஎஸ்ஜி, நிகர பூஜ்ஜியம், வகைப்பாடு என்று வணிகச் செய்திகளில் சொற்கள் வந்து விழுகிற வேகத்தில் எதையும் நிறுத்தி விளக்கம் கேட்க முடிவதில்லை. எனவே எல்லாவற்றையும் ஒரே ஓர் ஆலையின்மேல் ஏற்றிப் பார்த்துவிடலாம். ஆண்டுக்கு 10 லட்சம் டன் சிமென்ட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் கற்பனைதான். அதற்குப் பொருந்தும் சட்டங்கள் எல்லாம் உண்மை.

சிமென்டைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் போட்டு ஏறத்தாழ 1,450 டிகிரி வரை சூடாக்கினால்தான் கிளிங்கர் என்ற உருண்டைகள் கிடைக்கும். அவற்றை அரைத்தால் சிமென்ட். சூடு ஏறும்போது கல்லுக்குள்ளேயே கட்டுண்டிருக்கும் கார்பன், கரியமில வாயுவாகப் பிரிந்து வெளியேறுகிறது. ஆலையின் உமிழ்வில் பாதிக்கும் மேல் இப்படிக் கல்லிலிருந்து வருவதுதான். நிலக்கரியை நிறுத்தினாலும், கூரை முழுக்கச் சோலார் தகடு பதித்தாலும் இந்தப் பங்கு குறையாது. எல்லாம் சேர்த்து ஒரு டன் சிமென்டுக்குத் தோராயமாக 600 கிலோ கரியமில வாயு. நம் ஆலைக்கு ஆண்டுக்கு 6 லட்சம் டன். இந்த எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது குறைகிறதா இல்லையா என்பதுதான் கட்டுரை முழுக்க நம் கேள்வி.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இந்தியாவில் நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 135 இன்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ நிகர மதிப்போ உள்ள நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். மரம் நடுவது, பள்ளிக்குக் கழிவறை கட்டுவது எல்லாம் இதில் வரும். நல்ல காரியங்கள்தான். ஆனால் அவை லாபம் கைக்கு வந்த பிறகு செய்பவை. அந்த லாபம் எந்த வழியில் வந்தது, அதற்காக என்ன எரிந்தது, எவ்வளவு தண்ணீர் போனது என்பது வேறு கேள்வி. நிறுவனங்களின் நீடித்த நிலைத்தன்மை என்று கொள்கை வகுப்பவர்கள் சொல்வது இந்த இரண்டாவது கேள்வியைத்தான். ஆயிரம் மரம் நட்ட படத்தைப் போட்டு 6 லட்சம் டன்னைப் பற்றிப் பேசாமல் விடும் அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை.

முதலில், சொல்ல வைப்பது

சிமென்டைத் தடை செய்ய எந்த அரசாலும் முடியாது. வீடும் பாலமும் வேண்டும். ஆகவே அரசுகள் பணத்தின் வழியாகச் சுற்றி வருகின்றன. முதல் படி, நிறுவனத்தை வாய் திறக்க வைப்பது.

இதற்கு ஒரு தொடக்கப் புள்ளி சொல்லலாம். 2015 செப்டம்பரில், அப்போது இங்கிலாந்து வங்கியின் ஆளுநராக இருந்த மார்க் கார்னி, லண்டன் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தையில் ஓர் உரை நிகழ்த்தினார். பருவநிலை மாற்றத்தின் அடி நிதி உலகின் வழக்கமான கணக்குக் காலத்துக்கு அப்பால் விழுகிறது, அதனால் இன்று யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது அதன் சாரம். உலக நிதி அமைப்பைக் கண்காணிக்கும் நிதி நிலைத்தன்மை வாரியம், அப்போது அவர் தலைமையில் இருந்தது. அந்த வாரியம் அதே ஆண்டு ஒரு பணிக்குழுவை அமைத்தது. நிறுவனங்கள் தங்கள் பருவநிலை அபாயங்களை எப்படி வெளியிட வேண்டும் என்று 2017 இல் அந்தக் குழு பரிந்துரை தந்தது. அந்த வேலையைத் தொடர, கணக்கியல் தரங்களை வகுக்கும் ஐஎஃப்ஆர்எஸ் அறக்கட்டளை 2021 நவம்பரில், கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டின்போது, தனியாக ஒரு வாரியத்தை அறிவித்தது. அதன் முதல் இரண்டு தரங்கள் 2023 ஜூனில் வெளிவந்தன. பெயர்களை மறந்துவிட்டாலும் பரவாயில்லை. லாப நட்டக் கணக்குக்கு உள்ள ஒழுங்கு உமிழ்வுக் கணக்குக்கும் வேண்டும் என்பதுதான் இத்தனை குழுக்களும் தள்ளிக்கொண்டு வந்த விஷயம்.

நம் ஆலை என்ன சொல்ல வேண்டியிருக்கும்? உமிழ்வை மூன்று வட்டங்களாகப் பிரிப்பது உலக வழக்கம். சூளையும் சொந்த லாரிகளும் வெளியிடுவது முதல் வட்டம். வாங்கிய மின்சாரத்தை எங்கோ ஒரு மின்நிலையம் உற்பத்தி செய்தபோது வெளியேறியது இரண்டாம் வட்டம். சரக்கு கொடுப்பவர்கள், ஏற்றிச் செல்லும் ஒப்பந்த லாரிகள், விற்ற பொருள் பின்னால் படும் பாடு என்று மீதி எல்லாம் மூன்றாம் வட்டம். சிமென்டுக்கு முதல் வட்டம்தான் பெரிது. கார் நிறுவனத்துக்கோ எண்ணெய் நிறுவனத்துக்கோ நேர்மாறு: அவர்கள் விற்ற காரை வாங்கியவர் ஓட்டும்போதோ, எண்ணெயை எரிக்கும்போதோ வருவதே பெரும்பங்கு. எனவே ஓர் எண்ணெய் நிறுவனம் ‘எங்கள் உமிழ்வைப் பாதியாக்குவோம்’ என்று அறிவித்தால், எந்த வட்டத்தில் என்று கேட்காமல் கைதட்டக்கூடாது.

இந்தியாவில் இந்த வேலையைப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி செய்கிறது. பங்குச்சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் ‘வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை’யைத் தர வேண்டும் என்பது 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயம். அதில் முக்கியமான சில எண்களை மட்டும் வெளியார் சரிபார்க்க வேண்டும் என்ற விதி முதல் 150 நிறுவனங்களுக்கு 2023-24 இலிருந்து வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் இதைவிடப் பெரிய வலை வீசியது. சுமார் 50,000 நிறுவனங்களைப் பிடிக்கும் சட்டம் 2023 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கல். காகித வேலை தாங்க முடியவில்லை என்று தொழில்துறை முறையிட, 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையமே அவற்றில் ஏறத்தாழ 80 சதவீதத்தை விலக்கிவிடலாம் என்று முன்மொழிந்தது. அமெரிக்காவில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2024 மார்ச்சில் கொண்டுவந்த பருவநிலை வெளியீட்டு விதியை அடுத்த மாதமே தானாக நிறுத்தி வைத்தது. ஓராண்டு கழித்து, நீதிமன்றத்தில் அதற்காக வாதாடுவதையும் கைவிட்டது.

முறையீட்டில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நூற்றுக்கணக்கான கட்டங்களை நிரப்பச் சொன்னால், நிறுவனம் பொறியாளரை வைப்பதற்குப் பதில் கட்டம் நிரப்பும் ஆலோசகரைத்தான் வைக்கும்.

எது பசுமை? யார் முடிவு செய்வது?

சரி, ஆலை எண்களைச் சொல்லிவிட்டது. அதை வைத்துக்கொண்டு ‘இது பசுமையான முதலீடு’ என்று யார் சொல்வது? ஆளாளுக்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டால் குழப்பம்தான். ஆகவே அரசே ஒரு பட்டியல் போடுகிறது. இதைத்தான் வகைப்பாடு என்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வகைப்பாடு 2020 இல் சட்டமானது. ஆறு சுற்றுச்சூழல் குறிக்கோள்கள். அவற்றில் ஒன்றுக்காவது ஒரு தொழில் குறிப்பிடத்தக்க நன்மை செய்ய வேண்டும், மற்ற ஐந்துக்கும் பெருங்கேடு செய்யக்கூடாது. கேட்க அழகாக இருக்கும் இந்த வாக்கியத்துக்குக் கீழே பக்கம் பக்கமாக எண்கள் இருக்கின்றன. சிமென்டுக்கு ஓர் எல்லை: டன்னுக்கு 0.469 டன் கரியமில வாயுவுக்குக் கீழே இருக்க வேண்டும். நம் ஆலை 0.6 இல் நிற்கிறது, ஆகத் தேறவில்லை. தேற வேண்டுமானால் கிளிங்கரின் பங்கைக் குறைத்து, இரும்பு ஆலைக் கசடையோ அனல்மின் நிலையச் சாம்பலையோ சுட்ட களிமண்ணையோ கலக்க வேண்டும். இது செய்யக்கூடிய வேலை. ஆகவே இந்த எல்லையை நான் நல்ல எல்லை என்பேன்: எட்டிப் பிடிக்க முடிகிறது, ஆனால் சும்மா இருந்தால் கிடைக்காது.

பட்டியல் என்றாலே அரசியலும் வந்துவிடும். அணுமின்சாரத்தைப் பாருங்கள். ஐரோப்பிய வகைப்பாடு அதையும் இயற்கை எரிவாயுவையும் சில நிபந்தனைகளோடு 2023 இலிருந்து உள்ளே விட்டது. பிரான்சுக்கு அணு வேண்டும், ஜெர்மனிக்கு எரிவாயு வேண்டும் என்பது அந்த விவாதத்தில் ஊரறிந்த விஷயம். இந்திய அரசு தன் பசுமைப் பத்திரங்களுக்காக 2022 நவம்பரில் வெளியிட்ட சட்டகமோ அணுமின்சாரத்தையும் 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் திட்டங்களையும் வெளியே நிறுத்தியது. சீனாவின் 2015 ஆம் ஆண்டுப் பட்டியலில் ‘தூய நிலக்கரி’ இருந்தது. 2021 பதிப்பில்தான் எடுத்தார்கள். அணுமின் நிலையம் ஓரிடத்தில் பச்சை, இன்னோரிடத்தில் இல்லை. முதலீட்டாளர் ‘பசுமை’ என்ற முத்திரையைப் பார்த்ததும் எந்த நாட்டுப் பட்டியல் என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

பத்திரத்தின் உள்ளே

இப்போது பணத்துக்கு வருவோம். பசுமைப் பத்திரம் என்பது சாதாரணக் கடன் பத்திரம்தான். நிறுவனமோ அரசோ கடன் வாங்குகிறது, வட்டி தருகிறது, தவணை முடிந்ததும் முதலைத் திருப்பித் தருகிறது. ஒரே வித்தியாசம், இந்தப் பணம் சுற்றுச்சூழலுக்கு உகந்த திட்டங்களுக்கு மட்டும் போகும் என்ற வாக்குறுதி.

பிறந்த கதை சுவாரசியமானது. ஐரோப்பிய முதலீட்டு வங்கி 2007 இல் பருவநிலைப் பெயரில் ஒரு பத்திரம் வெளியிட்டிருந்தது. ஆனால் இன்று நாம் காணும் வடிவம் வந்தது 2008 இல். ஸ்வீடனின் சில ஓய்வூதிய நிதிகள், தங்கள் உறுப்பினர்களின் பணத்தைப் பாதுகாப்பாகவும் வைக்க வேண்டும், பருவநிலைக்கு உதவவும் வேண்டும் என்று எஸ்இபி என்ற வங்கியிடம் கேட்டன. அந்த வங்கி உலக வங்கியிடம் போனது. இந்தத் திட்டங்கள் உண்மையிலேயே பயன் தருபவையா என்று பார்த்துச் சொல்ல நார்வேயின் சிசெரோ ஆய்வு மையம் வந்தது. கேட்பவர், கடன் வாங்குபவர், வெளியிலிருந்து சரிபார்ப்பவர் என்ற இந்த ஏற்பாடுதான் இன்றுவரை நிற்கிறது. 2016 டிசம்பரில் போலந்து, நாடுகளில் முதலாவதாகப் பசுமைப் பத்திரம் வெளியிட்டது. 2023 ஜனவரியில் இந்தியாவும் சேர்ந்தது. அந்த நிதியாண்டில் திரட்டியது 16,000 கோடி ரூபாய்.

முத்திரை குத்தினால் வட்டி குறையுமா? ஜெர்மனி இதற்கு ஓர் அழகான சோதனையையே நடத்திக்கொண்டிருக்கிறது. 2020 செப்டம்பரில் அது பசுமைப் பத்திரம் வெளியிட்டபோது, அதே முதிர்வுத் தேதி, அதே வட்டி விகிதம் கொண்ட சாதாரணப் பத்திரம் ஒன்றை இரட்டையாக வைத்தது. இரண்டின் சந்தை விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பச்சை முத்திரைக்கு மட்டும் எவ்வளவு மதிப்பு என்று தெரிந்துவிடும். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் மிகச் சிறியது: ஒரு சதவீதத்தில் நூறில் சில பங்கு.

நம் ஆலைக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 10 கோடி யூரோ கடனுக்கு 0.05 சதவீதம் சலுகை கிடைத்தால் ஆண்டுக்கு 50,000 யூரோ மிச்சம். முத்திரைக்காக வெளி ஆய்வாளருக்கும் ஆண்டுதோறும் அறிக்கைக்கும் ஆகும் செலவு இதிலேயே கணிசமான பங்கைத் தின்றுவிடும். இந்தப் பணத்துக்காக எந்த நிர்வாகமும் சூளையை மாற்றப் போவதில்லை.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது, இது பெரியது. முத்திரை திட்டத்துக்குத்தானே தவிர நிறுவனத்துக்கு அல்ல. நம் ஆலை பசுமைப் பத்திரப் பணத்தில் சோலார் பூங்கா அமைக்கலாம். அதனால் மிச்சமான சொந்தப் பணத்தில் இரண்டாவது சூளை கட்டலாம். பத்திரத்தின் விதி எதுவும் மீறப்படவில்லை. 6 லட்சம் டன் மட்டும் 12 லட்சம் ஆகியிருக்கும்.

இதைச் சரிசெய்ய வந்தது இலக்குடன் பிணைத்த பத்திரம். பணத்தை எதற்கும் செலவிடலாம். ஆனால் நிறுவனம் மொத்தமாக ஓர் இலக்கை எட்டாவிட்டால் வட்டி கூடும். இத்தாலியின் மின்நிறுவனமான எனெல் 2019 இல் இதைத் தொடங்கி வைத்தது. 2023 இறுதிக்குள் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 148 கிராம் கரியமில வாயுவுக்கு மேல் போகாமல் இருப்போம் என்பது அதன் இலக்குகளில் ஒன்று. முடிவில் நின்றது 160 கிராமில். இடையில் வந்த எரிவாயு நெருக்கடியில் நிலக்கரி நிலையங்களை முழுமூச்சாக ஓட்டும்படி இத்தாலிய அரசே கேட்டிருந்தது. ஒப்பந்தப்படி சம்பந்தப்பட்ட பத்திரங்களின் வட்டி 0.25 சதவீதம் ஏறியது. என் கண்ணுக்கு இது இந்தக் கருவியின் தோல்வி இல்லை. சொன்னபடி தண்டனை விழுந்தது. தண்டனை சிறியது என்பதுதான் குறை.

விலை வைத்தால்

இனி நேரான வழி: ஒவ்வொரு டன் உமிழ்வுக்கும் பணம் கட்டு. பின்லாந்து 1990 இலும் ஸ்வீடன் 1991 இலும் கார்பன் வரியாக இதைத் தொடங்கின. ஐரோப்பிய ஒன்றியம் 2005 இல் சந்தையாகத் தொடங்கியது. மொத்த உமிழ்வுக்கு ஓர் உச்சவரம்பு, அதற்குள் உமிழ்வுச் சீட்டுகள், சீட்டு போதாதவர் மிஞ்சியவரிடம் வாங்க வேண்டும். 2023 பிப்ரவரியில் ஒரு டன்னின் விலை முதன்முறையாக 100 யூரோவைத் தொட்டது.

நம் ஆலை ஐரோப்பாவில் இருப்பதாகவும் விலை 80 யூரோ என்றும் எடுத்துக்கொண்டால் அதன் 6 லட்சம் டன்னுக்கு ஆண்டுக்கு 4.8 கோடி யூரோ. பசுமை முத்திரை தந்த 50,000 யூரோவையும் இதையும் அருகருகே எழுதிப் பாருங்கள். ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. நிர்வாகக் குழுக் கூட்டத்தில் சுட்ட களிமண் பற்றிப் பேச்சு எழ வேண்டுமானால் இந்த இரண்டாவது எண்தான் எழுப்பும்.

அப்படியானால் ஐரோப்பிய சிமென்ட் ஆலைகள் எல்லாம் இத்தனை ஆண்டுகளில் மாறியிருக்க வேண்டுமே? இல்லை. அவற்றுக்குச் சீட்டுகளில் பெரும்பகுதியை அரசு இலவசமாகவே கொடுத்து வந்தது. காசு கட்டச் சொன்னால் ஆலை வேறு நாட்டுக்குப் போய்விடும் என்ற பயம். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் உற்பத்தி குறைந்தபோது, மிஞ்சிய இலவசச் சீட்டுகளை விற்றுச் சம்பாதித்த சிமென்ட் நிறுவனங்களும் உண்டு. இப்போது அந்த இலவசம் 2026 இலிருந்து 2034 வரை படிப்படியாக நிறுத்தப்படுகிறது. கூடவே எல்லைக் கார்பன் கட்டணம் வருகிறது: சிமென்ட், இரும்பு, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றை வெளியிலிருந்து கொண்டுவந்தால் அதன் உமிழ்வுக்கும் பணம் கட்ட வேண்டும். 2023 அக்டோபரில் அறிக்கை மட்டும் கேட்டுத் தொடங்கி, 2026 ஜனவரியில் இது முழு நடைமுறைக்கு வந்தது. ஏற்றுமதி செய்யும் வளரும் நாடுகள் இதைப் பசுமைப் பெயரில் வந்த சுங்கவரி என்று எதிர்க்கின்றன. அந்தக் கோபத்தில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் இந்தியா 2023 இல் தன் சொந்தக் கார்பன் வர்த்தகத் திட்டத்தை அறிவித்து, சிமென்டையும் இரும்பையும் அதில் சேர்த்திருப்பதைப் பார்க்கும்போது, அழுத்தம் வேலை செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது.

அதற்காகக் கடன் சலுகை வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எங்கே பலிக்கும் என்பது தொழிலைப் பொறுத்தது. காற்றாலைக்கும் சோலாருக்கும் எரிபொருள் செலவு கிடையாது. செலவு முழுதும் தொடக்கத்திலேயே, பெரும்பாலும் கடனில். அங்கே வட்டி இரண்டு மூன்று சதவீதம் இறங்கினால் ஓடாத திட்டம் ஓடும். ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ போன்ற அரசு வங்கிகள் குறைந்த வட்டிக் கடன் கொடுத்துச் சாதித்தது இந்த இடத்தில்தான். வட்டி அதிகமுள்ள ஏழை நாடுகளில் முத்திரையைவிட, கடன் திரும்பாவிட்டால் நான் பொறுப்பு என்று பெரிய வங்கி ஒன்று தரும் உத்தரவாதம் பல மடங்கு பயன்படும். சிமென்ட் சூளைக்கோ எரிபொருளும் மூலப்பொருளும்தான் ஓயாத செலவு, அதனால் அங்கே வட்டியைவிடக் கார்பன் விலை கடிக்கிறது.

பச்சைச் சாயம்

பொய் சொன்னால் என்ன ஆகும்? சில காலம் முன்புவரை பெரிதாக ஒன்றும் ஆகாது. ஃபோக்ஸ்வாகன் 2015 செப்டம்பரில் டவ் ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீட்டில் கார் துறையின் முன்னோடியாக அறிவிக்கப்பட்டது. அதே மாதம், டீசல் கார்களின் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் வெளிச்சத்துக்கு வந்தது. அடுத்த மாதம் குறியீட்டிலிருந்து நீக்கினார்கள். குறியீட்டுக்கான கேள்வித்தாளை நிறுவனமே நிரப்பி அனுப்பினால் இப்படித்தான்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. டாய்ச்சு வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த டிடபிள்யூஎஸ் என்ற நிதி நிர்வாக நிறுவனம், முதலீடுகளில் ஈஎஸ்ஜி (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாக ஒழுங்கு) அம்சங்களை எந்த அளவுக்குப் பார்க்கிறோம் என்று மிகைப்படுத்திச் சொன்னதற்காக 2023 இல் அமெரிக்காவில் 1.9 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 2025 இல் ஜெர்மனியில் இன்னொரு 2.5 கோடி யூரோ. இந்தியாவில் ரிசர்வ் வங்கி, பசுமை வைப்புத்தொகை என்ற பெயரில் பணம் திரட்டும் வங்கிகள் அது எங்கே போனது என்று மூன்றாம் தரப்பை வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று 2023 ஜூனிலிருந்து விதித்திருக்கிறது.

ஒரு நிறுவனத்தின் நிலைத்தன்மை அறிக்கை உங்கள் கைக்கு வந்தால், முன்பக்கப் படங்களைத் தாண்டி இரண்டு இடங்களுக்கு நேரே போங்கள். ஒன்று, உமிழ்வு ‘டன்னுக்கு இவ்வளவு’ என்று இருக்கிறதா, மொத்தமாக இருக்கிறதா? நம் ஆலை டன்னுக்கு 600 கிலோவை 540 ஆக்கி, உற்பத்தியை 10 லட்சத்திலிருந்து 15 லட்சம் டன்னாகக் கூட்டினால், அறிக்கையில் ‘10 சதவீதம் குறைத்தோம்’ என்று வரும். அதே ஆண்டு வானத்துக்குப் போனது 6 லட்சம் அல்ல, 8.1 லட்சம் டன். இரண்டு எண்ணும் உண்மை. எதை முன்பக்கத்தில் போடுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது மூலதனச் செலவு. ஐரோப்பிய வகைப்பாட்டில் எனக்குப் பிடித்த விதியே இதுதான். விற்றுமுதலில் எத்தனை சதவீதம் பசுமை என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், புதிதாகப் போடும் முதலீட்டில் எத்தனை சதவீதம் என்று தனியாகக் கேட்கிறது. நம் ஆலையின் இன்றைய விற்பனையில் தேறுவது பூஜ்ஜியமாக இருக்கலாம். ஆனால் இந்த ஆண்டு முதலீட்டில் பாதி களிமண் சுடும் இயந்திரத்துக்குப் போயிருந்தால் அது வேறு நிறுவனம். மாறாக, அறிக்கை முழுக்கப் பச்சை, முதலீடு மட்டும் பழைய மாதிரிச் சூளைக்கு என்றால், அந்தச் சூளை முப்பது, நாற்பது ஆண்டு ஓடும். 2050 க்குள் நிகர பூஜ்ஜியம், அதாவது வெளியிடுவதும் திரும்ப உறிஞ்சுவதும் சமமாகும் நிலை, என்று அதே அறிக்கையில் உறுதி கொடுத்திருந்தால், இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று பங்குதாரர் கூட்டத்தில் தாராளமாகக் கேட்கலாம்.